மாலை வகுப்பில் ‘மூலதனம்’ வாசிக்க

வகுப்பு எட்டே காலுக்கு முடிந்தாக வேண்டும். பாடத்திட்டம் போட உட்காருவதற்கு முன்பே இதை எழுதிக்கொள்ளுங்கள். பூதப்பாண்டிக்கும் தோவாளைக்கும் குலசேகரத்துக்கும் போகிறவர்கள் வடசேரிக்கோ அண்ணா பஸ் நிலையத்துக்கோ நடந்து போய்ச் சேர வேண்டும். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்ற கவலை மனதில் ஏறிவிட்டால், உபரி மதிப்பைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் காதில் விழாது. ஆறரைக்குத் தொடங்கி எட்டே காலுக்கு முடிப்பது நம் நாகர்கோவிலுக்குச் சரியாக வரும். நடுவில் பத்து நிமிடம் சாயாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காலையில் ஆராதனை, பிறகு கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை. செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளுங்கள். கோட்டார் சவேரியார் திருவிழாவின் பத்து நாட்கள், சுசீந்திரம் மார்கழித் திருவிழா, நாகராஜா கோவில் தைத் திருவிழா ஆகியவற்றை நாட்காட்டியில் முன்னதாகவே அடித்துவிடுங்கள். அந்த நாட்களில் வகுப்பு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. கும்பப்பூ அறுவடைக்கும் கன்னிப்பூ அறுவடைக்கும் வயல் உள்ளவர்கள் வரமாட்டார்கள். மழை நமக்கு இரண்டு பருவத்திலும் உண்டு. இவ்வளவையும் கழித்தால் ஆண்டுக்கு முப்பது வகுப்பு தேறும். அது போதும்.

வருகிறவர் யார் என்று பாருங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடிவதற்கு முன் எழுந்தவர். ஜவுளிக்கடையில் நிற்கிறவருக்குக் கால் வலி. அவர்கள் தூங்கி விழுந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். உட்கார நல்ல நாற்காலி, காற்று வரும் ஜன்னல், குடிக்கத் தண்ணீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை. இந்த நான்கும் இல்லாத அறையை வாடகை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

இந்தப் புத்தகங்கள் யாருக்காகப் பேசப்பட்டவை

‘இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு’ என்ற தயக்கத்தோடுதான் பலர் வந்து உட்காருவார்கள். அதைப் போக்க முதல் வகுப்பிலேயே மூன்று செய்திகளைச் சொல்லிவிடுவது நல்லது.

‘கூலியுழைப்பும் மூலதனமும்’ நூலாக எழுதப்பட்டதில்லை. 1847 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜெர்மன் தொழிலாளர் சங்கத்தில் மார்க்ஸ் நிகழ்த்திய சொற்பொழிவுகள் அவை; 1849இல் பத்திரிகையில் வந்தன. ‘கூலி, விலை, லாபம்’ 1865 ஜூன் மாதம் லண்டனில், முதலாம் அகிலத்தின் பொதுக்குழுவில் பேசியது. கூலியை உயர்த்தினால் விலைவாசி ஏறிவிடும், ஆகவே கூலி கேட்டுப் போராடிப் பயனில்லை என்று அந்தக் குழுவில் ஜான் வெஸ்டன் என்ற தச்சர் வாதாடினார். அவருக்குச் சொன்ன பதில்தான் அந்தப் புத்தகம். வடசேரிச் சந்தையில் இன்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு பேராவது வெஸ்டன் சொன்னதையே சொல்வார்கள்.

மூன்றாவது, ஜார்ஜ் பொலிட்சரின் ‘மார்க்சிய மெய்ஞ்ஞானம்’. ஆர்.கே. கண்ணன் தமிழாக்கத்தில் இங்கே பல தலைமுறையினர் படித்த புத்தகம். 1935–36இல் பாரிஸ் தொழிலாளர் பல்கலைக்கழகத்தில் பொலிட்சர் எடுத்த வகுப்புகளை அவருடைய மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து அந்த நூல் உருவானது. பொலிட்சரை நாஜிகள் 1942 மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். வகுப்பில் ஒருவர் கவனமாக எடுத்த நோட்டுதான் மிஞ்சி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வகுப்புக்கு ஒரு நோட்டு வேண்டும் என்று கடைசியில் நான் வற்புறுத்தப் போவதற்கும் இதுவே காரணம்.

நம் பக்கத்துக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’ 1931 அக்டோபரிலேயே பெரியாரின் ‘குடி அரசு’ பத்திரிகையில் ‘சமதர்ம அறிக்கை’ என்ற தலைப்பில் தமிழில் வரத் தொடங்கியது. பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறை சென்ற ஜீவா, இங்கிருந்து சில மைல் தள்ளி, பூதப்பாண்டியில் 1907இல் பிறந்தவர். ‘மூலதனம்’ நூலைத் தியாகு சிறையில் இருந்த ஆண்டுகளில் தமிழாக்கினார். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வெளியிட்டது. தமிழில் இந்தப் புத்தகங்கள் எளிதாக வந்துவிடவில்லை.

எங்கிருந்து தொடங்குவது

நாங்கள் முதல் தடவை செய்த தவறைச் சொல்கிறேன். புத்தகம் என்றால் முதல் பக்கத்திலிருந்துதானே என்று ‘மூலதனம்’ முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் தொடங்கினோம். சரக்கு, மதிப்பு வடிவம், சமதை வடிவம் என்று மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் பாதி நாற்காலி காலி. தொடர்ந்து வந்தவர்களும் எனக்காக வந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. ஒருவர் படியிறங்கும்போது, “புத்தகம் நல்லதுதான் சார், எனக்குத்தான் மண்டையில ஏறல்ல” என்றார். தவறு அவர் மண்டையில் இல்லை, நான் போட்ட வரிசையில் இருந்தது.

இதற்கு மார்க்ஸே வழி சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1867இல் நூல் வெளிவந்த சில வாரங்களில் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், கூகல்மனின் மனைவி முதலில் வேலைநாள் பற்றிய பகுதியையும், கூட்டுவேலை, வேலைப் பிரிவினை, இயந்திரங்கள் பற்றிய பகுதிகளையும், கடைசியாக ஆதித் திரட்டல் பற்றிய பகுதியையும் படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த வரிசையையே நாங்கள் இப்போது பின்பற்றுகிறோம். முதல் ஆறு வகுப்பு ‘கூலி, விலை, லாபம்’. அடுத்து ‘மூலதனம்’ நூலின் 10ஆம் அத்தியாயம், வேலைநாள். பிறகு கூட்டுவேலையும் இயந்திரங்களும். அதன்பின் 21ஆம் அத்தியாயம், உருப்படிக் கூலி. அது மார்க்ஸின் பட்டியலில் இல்லை, நம் மாவட்டத்துக்காக நான் சேர்த்தது. அதற்குப் பிறகு 26 முதல் 33 வரை உள்ள ஆதித் திரட்டல் பகுதி. இவ்வளவும் முடிந்தபின் முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். அப்போது அது திறந்துகொள்ளும்.

வேலைநாள் அத்தியாயத்துக்கு எட்டு வகுப்பு ஒதுக்கினாலும் தகும். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம், தொடங்கும் முன் ஐந்து நிமிடம் என்று ஆலை முதலாளிகள் எப்படி நேரத்தைக் கொறித்தார்கள் என்று இங்கிலாந்தின் ஆலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகளை அங்கே மார்க்ஸ் அடுக்கியிருக்கிறார். அதை வாசித்த அன்று எங்கள் வகுப்பில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், கடை சாத்தியபின் துணி மடித்து வைக்கும் முக்கால் மணி நேரத்துக்குக் கணக்கே கிடையாது என்றார். 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியதை அன்றே எடுத்துப் பேசுங்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் ஆலைச் சட்டத் திருத்தம் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டதையும் பேசுங்கள். 1850களின் இங்கிலாந்தும் இன்றைய நம் ஊர் மீனாட்சிபுரமும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

சத்தமாக வாசிக்க வேண்டும்

சொற்பொழிவு வேண்டவே வேண்டாம். ஒருவர் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கட்டும். அடுத்தவர் அதைத் தன் பேச்சில் சொல்லட்டும். மூன்றாமவர் தன் வேலையிலிருந்து ஓர் உதாரணம் தரட்டும். பிறகு அடுத்த பத்தி. ஒரு மாலையில் மூன்று நான்கு பக்கம் போனால் நல்ல வேகம். வாசிக்கத் தயங்குகிறவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்தான் பல நேரம் சரியான கேள்வியைக் கேட்கிறார்.

1907 முதல் 1914 வரை பெர்லினில் கட்சிப் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்த ரோசா லக்சம்பர்க், மாணவர்களைக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு விடையை அவர்களே கண்டடையச் செய்வார். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவில் ஆள்மாற்றி ஆள் கட்டுரை வாசித்து, பிறகு அதை எல்லோரும் கூடி அலசும் முறையை நடத்தினார். 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் அந்தக் கூட்டத்தின் உழைப்பு. நாகர்கோவிலிலேயே சுந்தர ராமசாமியின் ‘காகங்கள்’ சந்திப்புகள் இருந்தன. நம் பகுதிக்குக் கூடிப் படிப்பது புதிதல்ல.

பலகைக் கணக்கு

உபரி மதிப்பைச் சொல்லால் விளக்க முடியாது. பலகையில் எழுதுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது முந்திரி ஆலை; விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் அண்டி ஆபீஸ். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை என்பதையும், பொருள் அதன் மதிப்புக்கே விற்கிறது என்று பிடித்துக்கொள்கிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு தொழிலாளி, 8 மணி நேரம். அவர் கையில் போகும் கொட்டைக்கு 3,000 ரூபாய். கரண்ட், இயந்திரத் தேய்மானம் 200 ரூபாய். பருப்பு விற்பது 4,400 ரூபாய்க்கு. கூலி 600. கொட்டையும் கரண்டும் தங்கள் விலையை அப்படியே பருப்பில் ஏற்றிவிடுகின்றன. 3,200 போனால் புதிதாக வந்திருப்பது 1,200. அந்த 1,200 எட்டு மணி நேர உழைப்பில் பிறந்தது, அதாவது மணிக்கு 150. கூலியான 600 ரூபாயை அவர் முதல் 4 மணி நேரத்தில் ஈட்டிவிட்டார். அடுத்த 4 மணி நேரம்?

இங்கே நிறுத்துங்கள். யாராவது சொல்லும்வரை காத்திருங்கள். எங்கள் வகுப்பில் அந்த அமைதி நெடுநேரம் நீடித்தது. பிறகு பின் வரிசையிலிருந்து ஓர் அக்கா, பன்னிரண்டு வருஷம் தொலி உரிப்பில் இருந்தவர், கை தூக்கினார்.

“சார், எங்களுக்கு மணிக்கணக்கு கெடையாதே. கிலோக் கணக்குல்லா. வேகமா உரிச்சா எனக்குத்தானே கூடுதல் கெடைக்கும்?”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த பால்வெட்டுக்காரர் சொன்னார்: “எக்கா, எல்லாரும் ஒங்களப் போல வேகமா உரிச்சா, ரேட்டக் கொறச்சிருவாவ. எங்களுக்கும் மரக் கணக்கு அப்படித்தான்.”

அந்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆமா, கொறச்சாவ. ரெண்டு தடவ கொறச்சாவ” என்றார். உருப்படிக் கூலி தொழிலாளியையே தன் வேலைக்குக் கங்காணியாக்குகிறது என்று மார்க்ஸ் 21ஆம் அத்தியாயத்தில் பல பக்கம் விளக்குவதை, அவர்கள் இருவரும் புத்தகத்தைத் திறக்காமலே எட்டிவிட்டார்கள். மறுவாரம் அந்த அத்தியாயத்தை அவரையே வாசிக்கச் சொன்னோம்.

கணக்கை அங்கேயே விட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு படி இருக்கிறது. வேலையை 10 மணி நேரமாக்கி, கூலியை 600இலேயே நிறுத்துங்கள். புதிய மதிப்பு 1,500, உபரி 900, சுரண்டல் வீதம், அதாவது கூலிக்கு உபரி எவ்வளவு என்பது, 100இலிருந்து 150 சதவீதம். இது முதல் படி. இரண்டாவது படிதான் பலரைக் குழப்புவது, தெளிந்தால் பெரிய வெளிச்சம் தருவது. எட்டு மணி நேரக் கணக்குக்கே திரும்புங்கள். முதலாளி தன் லாபத்தைப் போட்ட முதல் முழுவதாலும் வகுக்கிறார்: 3,800 போட்டு 600 லாபம், ஏறத்தாழ 16 சதவீதம். நாம் அதே 600ஐக் கூலியால் மட்டும் வகுக்கிறோம்: 100 சதவீதம். இரண்டு கணக்கும் சரி. வகுக்கும் எண் வேறு. முதலாளி பொய்க் கணக்கு எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு யாரும் வகுப்பிலிருந்து போகக் கூடாது. நேர்மையாகக் கணக்கு வைத்திருக்கும் முதலாளியிடமும் இது நடக்கிறது என்பதுதான் மார்க்ஸ் சொல்ல வந்தது.

‘கட்டட வாடகை, பேங்க் வட்டி எல்லாம் எங்கே?’ என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அவை அந்த 600 ரூபாயிலிருந்து பிரிந்து போகிற பங்குகள். ஆலைக்காரருக்கு லாபம், பேங்குக்கு வட்டி, நிலக்காரருக்கு வாடகை. பாகப்பிரிவினையில் அவர்களுக்குள் வழக்கு இருக்கலாம். பாகம் பிரிக்கப்படும் சொத்து ஒன்றுதான்.

சொற்களில் கவனம்

மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு சொல் மாறும். சரக்கு, பண்டம் இரண்டும் ஒன்றே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ‘சரக்கு’ என்ற சொல்லையே விரும்புகிறேன். கோட்டாற்றுக் கடையில் மூட்டையாக அடுக்கியிருக்கும் அரிசி சரக்கு. அதையே வாங்கி வந்து வீட்டுப் பானையில் கொட்டியபின் யாரும் சரக்கு என்று சொல்வதில்லை. விற்பதற்காக இருப்பது, பயன்படுத்துவதற்காக இருப்பது என்ற பிரிவை நம் பேச்சு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

‘உழைப்பு’, ‘உழைப்புச் சக்தி’ இரண்டையும் கலக்க விடாதீர்கள். தொழிலாளி விற்பது உழைப்புச் சக்தியை. 1847இல் மார்க்ஸ் ‘உழைப்பு’ என்றே பேசினார்; 1891இல் ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ மறுபதிப்பானபோது எங்கெல்ஸ் அதைத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்று முன்னுரையில் விளக்கினார். அந்த முன்னுரைக்குத் தனியாக ஒரு மாலை கொடுங்கள்.

தத்துவ வகுப்பு

பத்து வாரப் பொருளாதாரத்துக்குப் பிறகு பொலிட்சருக்கு வாருங்கள். பொருள்முதல்வாதம் என்றதும் கோவிலுக்கும் சர்ச்சுக்கும் எதிரான பேச்சு என்று சிலர் முகம் சுருக்குவார்கள். ‘மணிமேகலை’யின் 27ஆம் காதையை எடுத்துக் காட்டுங்கள். பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலை பூதவாதியையும் கேட்கிறாள். ஆத்திப்பூவும் கருப்பட்டியும் பிறவும் சேரும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத மதுவின் வெறி பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது அவன் வாதம். பனையேறிக் குடும்பத்திலிருந்து வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம். காலையில் இனிக்கிற அக்கானி, சுண்ணாம்பு தடவாத கலயத்தில் கள்ளாவதை அவர்கள் பார்த்தவர்கள். அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதைச் சொல்லவும் அந்தக் கலயம் உதவும். பூதவாதி சொன்னதை மணிமேகலை ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம்பிக்கையுள்ளவர் வகுப்பில் இருப்பது நல்லது. அவரை மாற்றுவது வகுப்பின் வேலை இல்லை. புத்தகம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது, பிறகு ஏற்பதோ மறுப்பதோ அவர் உரிமை.

ஆதித் திரட்டலும் நாஞ்சில் நாடும்

இங்கிலாந்தில் உழவர்களை நிலத்திலிருந்து விரட்டிய வரலாறு நமக்குத் தொலைவு. அதைப் படித்த கையோடு திருவிதாங்கூருக்கு வாருங்கள். ஊழியம் என்ற கூலியில்லா வேலை, தலைவரி, சாதிக்குச் சாதி வேறுபட்ட வரிகள். 1855 வரை சட்டப்படி அடிமை முறை. மேலாடைக்காக நடந்த போராட்டங்கள், 1859இன் அரசு அறிவிப்பு. சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் அந்த வரிகளை எதிர்த்துப் பேசியதை இந்த ஊரில் பாட்டிமாரே சொல்வார்கள். 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி தொடங்கிய லேஸ் வேலையில், கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. கூலியுழைப்பு அவர்களுக்கு விடுதலையாகவும் இருந்தது. மார்க்ஸ் சொல்லும் ‘இரட்டைச் சுதந்திரம்’, அதாவது ஆளுக்கு அடிமைப்படாமலும் கையில் எதுவும் இல்லாமலும் இருப்பது, இதைவிடத் தெளிவாக எந்த உதாரணத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ கட்டாயம் வேண்டும். 1936இல் எழுதியது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலையாட்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்ற அவருடைய வாதத்தை, வேலைப் பிரிவினை அத்தியாயத்தோடு சேர்த்து வாசியுங்கள். இது இல்லாமல் நடத்தும் வகுப்பு பாதி வகுப்பு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கெட்டிலில் சாயா குடிக்கிறவர்கள், ஊருக்குப் போனபின் யார் வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்பதையும் ஒருநாள் பேசியாக வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த மாலை யாருக்கும் எளிதாக இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் எல்லோரும் வந்தார்கள்.

மறுப்பவர் ஒருவரை வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடைக்காரர் இருந்தார். ‘நான் கடை போட நகையை அடகு வச்சேன், அந்தப் பயத்துக்கு ஒங்க கணக்குல எடமில்லையா?’ என்று கேட்டார். சின்னக் கடையில் அவரும் நாள் முழுக்க உழைக்கிறார், அவர் கூலியும் அந்த லாபத்தில் கலந்திருக்கிறது என்றோம். முழுத் திருப்தி அவருக்கு வரவில்லை. கேள்வியை நோட்டில் எழுதி வைத்தோம். அது இன்னும் அங்கே இருக்கிறது. ஆடம் ஸ்மித்தையும் ரிக்கார்டோவையும் சில பக்கமாவது படித்தால்தான் இப்படிப்பட்ட கேள்விக்கு நியாயம் செய்ய முடியும்.

கடைசியாக அந்த நோட்டு. கோடு போட்ட 200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், அன்று வாசித்த பக்க எண், பேசியது, தீராத கேள்வி மூன்றையும் எழுதி அடுத்த வகுப்பில் முதலில் வாசிக்க வேண்டும். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள். வராதவர்களுக்கு வகுப்பு அதன் வழியே கிடைக்கும். எங்களிடம் ஏழு நோட்டு சேர்ந்திருக்கிறது. புதிதாக வருகிறவருக்குப் புத்தகத்துக்கு முன் அதைத்தான் கொடுக்கிறோம்.

ஐந்து பேர் கிடைத்தால் போதும், தொடங்கிவிடுங்கள். ‘கூலி, விலை, லாபம்’ ஐந்து பிரதி, ஒரு கரும்பலகை, ஒரு நோட்டு. வருகிற செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே போய் அறையைத் திறந்து வையுங்கள்.